களிமண் தலை வெடிக்கிறது, கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாகப் பென்சிலில் முகம் வரைகிறவன், இப்போதுதான் களிமண் பக்கம் வந்திருக்கிறேன். தாளில் நிழல் போட்டு ஏமாற்றிவிடலாம், மண்ணில் அது நடக்கவில்லை. முன்னால் பார்த்தால் சரியாக இருக்கிற முகம் பக்கவாட்டில் தட்டை, காது கண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. இப்போது பலகையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பக்கத்தின் வெளிக்கோட்டையும் பார்த்துத்தான் செய்கிறேன், அதில் கொஞ்சம் தேறிவிட்டேன்.

பிரச்சினை காய்வதில்தான். உள்ளே கம்பி கட்டி எட்டு அங்குலத் தலை ஒன்று செய்தேன், மூன்றாம் நாள் கழுத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, அது புரிகிறது. சரி, கம்பி இல்லாமல் கழுத்து எப்படித் தலையைத் தாங்கும்?

பாதி இறுகியதும் அறுத்து, உள்ளே குடைந்து, மண்குழம்பு தடவி மறுபடி ஒட்டுவார்களாமே, எந்தப் பதத்தில் அறுப்பது, சுவர் எவ்வளவு தடிமன் விடுவது? பக்கத்துத் தெருக் குயவர் தன் சூளையில் வைத்துத் தருகிறேன் என்கிறார், ஆனால் குடையாத உருவத்தைத் தொடவே மாட்டாராம், அது வெடித்தால் அவருடைய பானைகளும் போய்விடும். நியாயம்தானே.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.