மறு: வெட்டரினரி கிளினிக்கல் டிரையல் – தமிழில் எப்படிச் சொல்வது?

> 'விலங்குப் பரிசோதனை' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். கேட்டதுமே கூண்டில் அடைத்த எலியும் முயலும்தான் கண்முன் வரும். அங்கே நோயைப் பெரும்பாலும் நாமே உண்டாக்குகிறோம். நாம் பெயர் தேடுவதோ, தானாக நோய்ப்பட்ட வீட்டு நாய்க்கும் பூனைக்கும், வளர்ப்பவரின் ஒப்புதலோடு, புதிய சிகிச்சை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பதற்கு.

பூனைக் கொரோனா வைரஸ் திரிந்து உண்டாக்கும் எஃப்.ஐ.பி. (பூனைகளின் தொற்று வயிற்றுச்சவ்வு அழற்சி) நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தால் சாவு என்றிருந்த நோய் அது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் நீல்ஸ் பெடர்சன் குழுவினர், இந்நோய் இயல்பாக வந்த 31 பூனைகளுக்கு ஜி.எஸ்.-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் செலுத்தினார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை நிறைவு செய்தன. மற்ற 5 பிழைக்கவில்லை. இவற்றைப் 'பரிசோதனை விலங்கு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இவை நோயாளிகள்.

'கால்நடை மருந்தாய்வு' என்பதும் ஒத்துவராது. துறைப்பெயராகக் 'கால்நடை மருத்துவம்' நிலைத்துவிட்டது, சரி. ஆனால் பூனை வளர்ப்பவரிடம் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் 'உங்கள் கால்நடை' என்று அச்சிட்டால் அவர் சிரித்துவிடுவார். 'மருந்தாய்வு' அளவிலும் சிறியது. எலும்புப் புற்றுநோய் வந்த நாய்களுக்குக் காலை வெட்டாமல் காக்கும் அறுவை முறையைக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தார்கள். அதில் மருந்து மட்டுமா இருந்தது?

என் முன்மொழிவு: விலங்கு நோயாளர் சிகிச்சையாய்வு.

---

> விலங்கு நோயாளர்

'ஆளர்' உயர்திணைக்கு உரியது. நாயை எப்படி 'நோயாளர்' என்பது? 'பிணிவிலங்குச் சிகிச்சையாய்வு' என்றால் சுருக்கமாகவும் இருக்கும், இலக்கணமும் வழுவாது.

---

பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பதை உவப்பினால் வந்த திணை வழுவமைதி (வழுவானாலும் இலக்கணம் ஏற்பது) என்று பள்ளிப் பாடத்திலேயே படித்தோமே! நாயைப் பெயர் சொல்லி அழைத்து மடியில் வைத்திருப்பவருக்கு அந்த உவப்பு இல்லையா? தவிர, 'பிணிவிலங்கு' என்றால் பிணியைப் பரப்பும் விலங்கு என்றும் பொருள்படும். வெறிநாய்க்கடி அச்சமுள்ள ஊரில் அது வம்பு.

---

அந்த ஐயம் நியாயமானது, 'பிணிவிலங்கு' வேண்டாம். ஆனால் வழுவமைதி பேச்சுக்குச் சரி, கலைச்சொல்லுக்கு வேண்டாமே. 'நோயுற்ற விலங்குச் சிகிச்சையாய்வு' என்று நீட்டியே எழுதுவோம். ஒப்புதல் படிவத்தில் 'உரிமையாளர் ஒப்புதல்' என்று போடாமல், நீங்கள் எழுதியபடியே 'வளர்ப்பவர் ஒப்புதல்' என்று வைத்துக்கொள்ளலாம்.