தள்ளுபடி போன விலையிலிருந்து பழைய விலை: மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். மகளுக்குத் தள்ளுபடிக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். 20% தள்ளுபடி என்றால் விலையை 0.8 ஆல் பெருக்கினால் போதும் என்பதை உடனே பிடித்துக்கொண்டாள். 50% கழித்து, அதன் மேல் இன்னொரு 20% கழித்தால் மொத்தம் 70% ஆகாது, 60% தான் என்பதும் புரிந்தது. 100 எண்ணை வைத்துப் போட்டுக் காட்டினேன்: 100, 50, அப்புறம் 40. எதை முதலில் கழித்தாலும் விடை ஒன்றுதான் என்பதை அவளே கண்டுபிடித்தாள், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் திருப்பிப் போடும்போது. 25% தள்ளுபடிக்குப் பிறகு விலை 600, பழைய விலை என்ன? அவள் 600இல் 25% எடுத்து, 150 கூட்டி, 750 என்கிறாள். 750இல் 25% கழித்தால் 562.50 தானே வருகிறது என்று காட்டினால் ஒத்துக்கொள்கிறாள். ஆனால் அடுத்த கணக்கில் அதே தவறு. அந்த 25% பழைய விலையில் எடுத்தது என்பது மனதில் நிற்கவில்லை.

நான்கு கட்டம் வரைந்து, மூன்று கட்டம் 600, ஒன்று 200, நான்கும் சேர்ந்து 800 என்றதும் தெளிவாகிவிட்டது. 15% என்றால் கட்டம் கைகொடுக்கவில்லை. 20 கட்டம் போட்டு 17ஐ மட்டும் நிழலிடலாமா? இல்லை, 85% என்பது 680 என்றால் 1% என்பது 8, ஆகவே 100% என்பது 800 என்ற வழியே நல்லதா? சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எதை முதலில் தொடங்குவீர்கள்?