செம்மறிக்குத் தும்மல் நிற்கவில்லை, குடற்புழு மருந்துக்கும் கேட்கவில்லை

மேல்மலைப் பட்டி:
கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் பட்டி, எல்லாம் மெரினோ என்ற கம்பளிச் செம்மறிக் கலப்பு. நாலைந்து ஆடு விடாமல் தும்முகிறது. மூக்கில் முதலில் தண்ணியாக ஒழுகியது, இப்போது கெட்டியாகி, மண் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது, ஒன்றுக்கு ரத்தமும் கலந்து வருகிறது. மேயும்போதே தலையை உதறி மூக்கைத் தரையில் தேய்க்கிறது. காய்ச்சல் இல்லை. சளி என்று நினைத்தோம், குடற்புழு மருந்து ஆல்பெண்டசோலும் ஊற்றியாச்சு.

கவுஞ்சிக்காரன்:
அண்ணே, மூக்கில் புகையிலைத் தண்ணி விடுங்க. எங்க தாத்தா அதைத்தான் செய்வார்.

பழைய கால்நடை ஆய்வாளர்:
அதை மட்டும் செய்யாதீங்க தம்பி, நுரையீரலுக்குள் இறங்கினால் ஆடு போய்விடும். நீங்க சொல்வதைப் பார்த்தால் மூக்குப்புழு, ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்ற ஈயின் வேலை. அது முட்டை போடாது, பறந்தபடியே மூக்கு ஓரத்தில் உயிருள்ள குஞ்சுப் புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும். அவை கொக்கி வாயால் பிடித்து மேலேறி நெற்றி எலும்புக் குழி வரை போய் வளரும். ஆல்பெண்டசோல் அங்கே எடுபடாது. வெயில் நேரத்தில் ஆடுகள் ஒன்றின் கம்பளிக்குள் ஒன்று மூக்கைப் புதைத்து நிற்கிறதா?

மேல்மலைப் பட்டி:
ஆமா சார், மத்தியானம் அப்படித்தான் நிற்கும்! ஆனால் இந்தக் குளிரில் ஈ எங்கே இருக்கு?

பழைய கால்நடை ஆய்வாளர்:
ஈ கண்ணில் படாது, சரி. குளிர் காலத்தில் குஞ்சுப் புழு வளராமல் மூக்குக்குள்ளேயே சும்மா கிடக்கும், வெயில் வந்ததும் வேகமெடுக்கும். தும்மிய இடத்தில் தேடிப் பாருங்க.

மேல்மலைப் பட்டி:
கிடைச்சுது சார். அழுக்கு வெள்ளை நிறம், முதுகில் கறுப்புப் பட்டை பட்டையாக, ஒரு அங்குலம் இருக்கும். தொட்டால் நெளியுது.

பழைய கால்நடை ஆய்வாளர்:
முற்றிய புழு அது. விட்டால் மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிச் சில வாரத்தில் ஈயாகக் கிளம்பும், எரித்துவிடுங்க. ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி 50 கிலோவுக்கு 1 மில்லி, 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லி, தோலுக்கடியில்தான், சதையில் இல்லை. எடையைக் கண்ணளவில் சொல்லாமல் நிறுத்து, டாக்டரை வைத்துப் போடுங்க. தும்முகிற ஆட்டுக்கு மட்டும் இல்லை, மந்தை முழுக்க. ஆடு சுற்றிச் சுற்றி வந்தாலும் மூக்குப்புழுதான் என்று முடிவு கட்டாதீங்க, மூளையில் நீர்க்கட்டி இருந்தாலும் அப்படித்தான் சுற்றும். மன்னவனூரிலேயே மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கே, புழுவை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

மேல்மலைப் பட்டி:
ரெண்டு கிடா கறிக்குப் பேசி வைத்திருக்கேன், அதுக்கும் போடலாமா?

பழைய கால்நடை ஆய்வாளர்:
போட்டால் மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் நாள் கழியும் வரை வெட்டக் கூடாது. தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று வாங்குகிறவரிடம் முதலில் கேளுங்க.