ரோகு முட்டை ஓடு 10 மணி நேரத்திலேயே உடைகிறது

நீர்த்தேக்கத்தில் விட ரோகு (கெண்டை மீன்) குஞ்சு எடுக்கிறோம். வட்டத் தொட்டியில் 15–16 மணி நேரத்தில் பொரிய வேண்டிய முட்டைகள் 10 மணி நேரத்திலேயே ஓடு மெலிந்து உடைகின்றன. வால்கூட அசையாத கரு வலைத்துணியில் ஒட்டிச் சாகிறது. மூன்று ஈடும் இப்படியே.

தாய்மீன் 2 கிலோ. முட்டையிடத் தூண்டும் ஹார்மோன் ஊசியான ஓவாப்ரிம் கிலோவுக்குப் பெண்ணுக்கு 0.4 மி.லி., ஆணுக்கு 0.2. கருவுறுதல் 85 சதவீதம், ஆக ஊசியில் பிழையில்லை. தண்ணீர் 28–29 டிகிரி, ஆக்ஸிஜன் லிட்டருக்கு 6 மி.கி., பி.ஹெச். 7.4. கடினத்தன்மைதான் (நீரில் கரைந்த கால்சியம், மக்னீசிய உப்பின் அளவு) இடிக்கிறது: மழைக்குப் பிறகு லிட்டருக்கு 30 மி.கி.

முட்டை அடர்த்தியைக் கன மீட்டருக்கு 7 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கினோம். நீரோட்டத்தைத் தணித்தோம். தொட்டியைக் குளோரின் போட்டுக் கழுவிக் காயவைத்தோம். பலனில்லை.

மேல்நிலைத் தொட்டியில் ஜிப்சம் (கால்சியம் உப்பு) கரைத்து இதைச் சரிசெய்தவர்கள், கடினத்தன்மையை எவ்வளவுக்கு ஏற்றினீர்கள்?