பிராக் போய்வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் படிக்கும் ஒன்பது பேர் வரும் வெள்ளி மாலை ரயிலில் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறோம். ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். டிக்கெட், விடுதி எல்லாம் ஆயிற்று. சிக்கல் மற்றதில்தான்.

எங்களில் ஒருத்திக்குப் போன வாரம் கணுக்கால் சுளுக்கிவிட்டது. பழைய நகரமோ முழுக்கக் கல் பாவிய தெருக்கள். 22ஆம் எண் டிராமில் கோட்டைவரை ஏறிவிட்டு, அங்கிருந்து மெல்ல நடந்து இறங்கினால் சமாளிக்கலாமா? இல்லை, ஏற்றத்தைவிட இறக்கம்தான் அவளுக்குக் கொடுமையாக இருக்குமா?

1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தைக் கூட்டமில்லாமல் பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்? (எட்டு மணிக்கு முன் எழுபவள் எங்களில் நான் மட்டும்தான்.) வானியல் கடிகாரத்தில் எலும்புக்கூடு பொம்மை மணியடிப்பதைப் பார்க்க எவ்வளவு முன்னதாகப் போய் நிற்க வேண்டும்?

இரண்டு பேர் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. "வறுத்த சீஸ் கிடைக்குமே" என்றார் ஒரு நண்பர். அதன் மேல்மாவிலேயே முட்டை இருக்கிறது! வேறு என்ன சாப்பிடலாம்?

போன பயணத்தில் தெருவோரக் கடையில் பணம் மாற்றி ஏமாந்தோம். அதனால் கடைசிக் கேள்வி: செக் நாட்டுப் பணமான கொருனா கையில் வேண்டுமா, கார்டே போதுமா? வியாழனுக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.