தர்கான் ஆடையைக் கண்டெடுத்தபடியே விட்டிருக்க வேண்டுமா?

வெண்துகில்:
லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தின் தர்கான் ஆடையைப் பற்றி எழுதுவோர் அனைவரும் அதன் வயதோடு நின்றுவிடுகிறார்கள். எகிப்தின் தர்கான் இடுகாட்டில் கிடைத்த அந்த லினன் ஆடை, 2015-இல் செய்த கார்பன் கணிப்பின்படி கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்பது பெருமைதான். ஆனால் கிடைத்தபோது அதன் உட்புறம் வெளியே திரும்பியிருந்தது. தலைவழியே கழற்றிப் போட்டால் துணி எப்படிக் கிடக்குமோ அப்படி. துப்புரவு செய்து, மெல்லிய பட்டுத் துணியின்மேல் தைத்து, உடுத்திய கோலத்தில் நிமிர்த்தியபோது அந்தக் கடைசிக் கைப்பழக்கத்தின் தடயம் போய்விட்டது.

நூலிழை:
வெண்துகில் அவர்களே, அப்படியே விட்டிருந்தால் இன்று வாதாட ஆடையே இருந்திராது. தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1913-இல் அகழ்ந்தெடுத்தது ஆடையை அன்று, அழுக்குத் துணிக் குவியலை. 1977-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் துணிப் பாதுகாப்பாளர்கள் அக்குவியலைத் துப்புரவு செய்தபோதுதான், நம் புடவைக் கொசுவத்தைவிட நெருக்கமாக மடிப்பு வைத்த கைகளும் மேற்பகுதியும் வெளிப்பட்டன. 64 ஆண்டுகள் அதை எவரும் ஆடையென்றே அறியவில்லை. முழங்கையிலும் அக்குளிலும் விழுந்த கசங்கல்கள் இன்றும் உள்ளன. பிணத்துக்கென்று தைத்ததன்று, ஓர் இளம்பெண்ணோ மெலிந்த உடல்வாகுள்ள ஒருத்தியோ உடுத்தி நடமாடியது என்பதை நமக்குச் சொல்வன அவையே. குவியலுக்குள் கிடந்தவரை அவை எதையும் சொல்லவில்லை.

வெண்துகில்:
துப்புரவு வேண்டும் என்பதை ஏற்கிறேன், அங்கே அவசரப்பட்டுவிட்டேன். நிமிர்த்தி வைத்ததை மட்டும் ஏற்க இயலவில்லை. அதன் கீழ்விளிம்பு கிடைக்கவில்லை, ஆகவே முழு நீளம் எவ்வளவு என்று எவராலும் கூற முடியாது. கணுக்கால்வரை தொங்கியிருக்கவும் கூடும். நிமிர்ந்து நிற்பதைக் காண்பவரோ இடுப்போடு முடியும் சட்டை என்றே எண்ணுகிறார், சிலர் அப்படியே எழுதியும் விடுகிறார்கள். தட்டையாகக் கிடத்தியிருந்தால் அறுந்த விளிம்பு அறுந்த விளிம்பாகவே தெரிந்திருக்கும்.

நூலிழை:
கிடத்தினால் கழுத்தின் கூர்வெட்டும் தோளின் வளைவும் தெரியாமல் போய், மறுபடியும் துணிதான் மிஞ்சும். நீளத்தைப் பற்றிய எச்சரிக்கையும், உட்புறம் வெளியே திரும்பிக் கிடந்த நிலையைக் காட்டும் ஒரு கோட்டோவியமும் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தக் கோரிக்கையில் உங்களோடு நானும் கையொப்பமிடுவேன். ஆடையைக் கீழே இறக்க மட்டும் உடன்பட மாட்டேன்.