அக்கா கப்பலில் இருந்த ஐந்தாம் நாள்: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு சாயங்காலம்

அக்கா: டின்னர் போச்சு.

அம்மா: என்ன போச்சு? உடம்புக்கு என்ன?

அக்கா: உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. எங்களுக்கு ஆறு மணிப் பந்தி. இன்றைக்கு ஃபார்மல் நைட். அவர் கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்கிறோம், கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்!

அண்ணன்: ஐந்து நிமிஷம் முன்னால் போனால் எப்படிச் சாத்துவார்கள்?

அக்கா: இங்கே சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு ஐம்பத்தைந்து. எங்கள் போனில் ஐந்து ஐம்பத்தைந்து.

சித்தப்பா: நேற்று துறைமுகத்தில் இறங்கினீர்களா?

அக்கா: ஆமாம் சித்தப்பா.

சித்தப்பா: அதுதான். போன் கரையில் சிக்னல் பிடித்து ஊர் நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் தன் நேரத்தை மாற்றவில்லை. கப்பலில் கப்பல் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். டின்னர் போனால் பரவாயில்லை, துறைமுகத்தில் இப்படி ஏமாந்தால் கப்பலே போய்விடும்.

அக்கா: அவர் போனில்தான் அலாரம் வைத்தோம். இப்போதும் தன் போன் சரி என்றே சொல்கிறார்.

நான்: பஃபே திறந்துதானே இருக்கும்? அங்கே போய்ச் சாப்பிடுங்கள் அக்கா.

அக்கா: நீச்சல்குளத்துப் பக்கம் எல்லாரும் அரை டிராயரில் இருப்பார்கள். இவர் டையோடு தட்டு ஏந்தி நிற்பதா? வர மாட்டேன் என்கிறார்.

சித்தப்பா: பஃபே எல்லாம் வேண்டாம். நான் சொல்கிறபடி செய். வாசலில் நிற்கிற தலைமை வெயிட்டரிடம் கேபின் எண்ணைச் சொல்லி, இரண்டாம் பந்தியில் இடம் கேள். தினமும் நாலு மேஜையாவது காலியாக இருக்கும். இரண்டாம் பந்தி எத்தனை மணிக்கு?

அக்கா: எட்டே கால்.

சித்தப்பா: அப்படியென்றால் உங்கள் ஷோ ஒன்பது மணிக்கு. அதை விட்டுவிடு. இரண்டாம் பந்திக்காரர்களுக்கு ஷோ ஏழு மணிக்கே இருக்கும். பாதிப் பேர் சாப்பிடும்போது மீதிப் பேர் தியேட்டரில் இருப்பார்கள், அப்புறம் மாறிக்கொள்வார்கள். இல்லையென்றால் இத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது? மணி ஏழாகிவிட்டது. ஓடு.

அக்கா: சொல்லிவிட்டேன். இடம் இருக்கிறதாம். ஓடுகிறோம்.

அம்மா: ஓடாதே. கப்பல் ஆடும், விழுந்து வைக்காதே.

அம்மா: இதற்குத் தனியாக பில் போடுவார்களா?

சித்தப்பா: பெரிய சாப்பாட்டறை டிக்கெட்டிலேயே அடக்கம், அண்ணி. குடிக்கிறது, தனி உணவகம், இதற்கெல்லாம்தான் கார்டைத் தேய்ப்பார்கள். காசைக் கையால் தொடாததால் எவ்வளவு போனது என்றே தெரியாது. கடைசி நாள் கணக்குச் சீட்டு வரும்போது நிறைய பேருக்கு அப்போதுதான் தலை சுற்றும்.

அண்ணன்: ஐகான் ஆஃப் தி சீஸ் என்று 2024இல் ஒரு கப்பல் வந்ததே, நிறைந்தால் 7,600 பயணிகள் போகலாமாம். அதிலெல்லாம் எத்தனை பந்தி?

சித்தப்பா: அவ்வளவு பேருக்கு இரண்டு பந்தி போதாது. அதனால்தான் இப்போது நினைத்த நேரத்தில் சாப்பிடும் முறையும், இருபது விதமான உணவகமும் வந்துவிட்டன. 1999இல் வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலுக்குள்ளேயே பனிச்சறுக்குத் தளம் வைத்தபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். 2004இல் வந்த குயின் மேரி 2இல் கோளரங்கமே இருக்கிறது. வெளியே டெக்குக்குப் போய் அண்ணாந்தாலே நட்சத்திரம் தெரியும், இவர்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நான்: நீங்கள் எத்தனை ஷோ பார்த்திருக்கிறீர்கள் சித்தப்பா?

சித்தப்பா: கப்பலில் வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட முழுதாகப் பார்த்ததில்லை. ஷோ நடக்கும் நேரமெல்லாம் நான் கேலியில்.

அம்மா: கேலியிலா?

சித்தப்பா: கப்பல் சமையலறைக்குப் பேரே கேலிதான் அண்ணி.

அண்ணன்: பதினோரு வருஷம் கேலியில் இருந்துவிட்டு வந்துதான் எங்களைக் கேலி செய்கிறீர்களா?

அக்கா: ஷோ முடிந்தது. ஆட்டம் நன்றாக இருந்தது, கப்பல் அதைவிட நன்றாக ஆடியது. கயிற்றில் தொங்கும் வித்தை இன்றைக்கு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பதிலுக்குக் கூடவே இரண்டு பாட்டு.

சித்தப்பா: நல்ல காரியம். தியேட்டர் பெரும்பாலும் கப்பலின் மூக்கில் இருக்கும். அங்கேதான் மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இருக்கிறது. இந்த முன்பின் ஆட்டத்தை அது பெரிதாகக் குறைக்காது. கயிற்றில் தொங்குகிறவன் சரியாகத்தான் குதிப்பான், மேடை அங்கே இருக்க வேண்டுமே?

அக்கா: மேஜைக்கு வந்துவிட்டோம். தெரியாத ஆறு பேரோடு வட்ட மேஜை. ஒன்று பாருங்கள். வெயிட்டர் ஜக்கிலிருந்து மேஜைவிரிப்பில் தண்ணீரைத் தெளித்தார். கை தவறிவிட்டது என்று நினைத்து நான் துடைக்கப் போனேன், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். இப்போது எல்லா மேஜையிலும் தெளிக்கிறார்.

சித்தப்பா: இன்னுமா அதைச் செய்கிறார்கள்! விரிப்பு நனைந்தால் தட்டும் கண்ணாடி டம்ளரும் வழுக்காது. அந்த ஆள் பழைய கை. உள்ளே அடுப்பைச் சுற்றியும் கம்பி கட்டியிருக்கும், பாத்திரம் நகராமல் இருக்க. நெருப்பே கிடையாது, எல்லாம் மின்சார அடுப்பு. கப்பலில் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் பயம். கேலிக்குள் போக ஒரு கதவு, வர ஒரு கதவு. மாற்றி நுழைந்தால் பத்துத் தட்டும் தரையில்.

அம்மா: அவளைச் சாப்பிட விடுங்கள்.

சித்தப்பா: கையைச் சோப்பு போட்டுக் கழுவினாயா? வாசலில் தெளிக்கும் மருந்து மட்டும் போதாது. கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு அது அவ்வளவாகக் கேட்காது.

அக்கா: கழுவினேன். சூப்பு வந்துவிட்டது, அப்புறம் வருகிறேன்.

அக்கா: 📷 படம்

அக்கா: 📷 படம்

அண்ணன்: படம் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அக்கா: வைஃபை அப்படித்தான். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, வெயிட்டர்கள் எல்லாரும் வரிசையாக ஒரு வெள்ளை கேக்கைத் தலைக்கு மேலே தூக்கி வந்தார்கள். நாங்கள் கைத்துண்டைச் சுற்றிச் சுற்றி வீச வேண்டுமாம். இவரும் வீசினார்!

சித்தப்பா: பேக்டு அலாஸ்கா. அடியில் கேக், மேலே ஐஸ்கிரீம், அதன்மேல் முட்டைவெள்ளை நுரை. அந்த நுரைக்குள் இருக்கும் காற்று சூட்டை உள்ளே விடாது. அதனால் வெளியே சிவக்கும்போது உள்ளே உருகாது. நான் இருந்த கப்பலில் ஊர்வலத்துக்கு முதலில் கேக்கின்மேல் நிஜ நெருப்பு வைத்தோம், பிறகு பேட்டரி விளக்காக மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்வலத்தில் நானும் போவேன். நான் முழுதாகப் பார்த்த ஒரே ஷோ அதுதான் என்று வைத்துக்கொள்.

நான்: பார்த்தது இல்லை சித்தப்பா, நடித்தது.

சித்தப்பா: அதுவும் சரி. நம்மைப் பார்த்து ஒரு அறையே துண்டை வீசும். ஐந்து நிமிஷம். அப்புறம் பாத்திரம் கழுவப் போக வேண்டும்.

அக்கா: கேபினுக்கு வந்துவிட்டோம். கட்டிலில் டவலிலேயே ஒரு குரங்கு செய்து, இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி வைத்திருக்கிறார்கள். என் போனை ஒரு வழியாகக் கப்பல் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். இவர் மாட்டேன் என்கிறார்.

சித்தப்பா: நாளைய நிகழ்ச்சித் தாள் வந்திருக்குமே? அதில் நேரத்தைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா பார்.

அக்கா: இருங்கள்.

அக்கா: ஐயோ. “இன்று இரவு 2 மணிக்குக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளவும்.”

அண்ணன்: அப்படியென்றால் அத்தான் போன்?

நான்: அத்தான் போன் சரியாகிவிடும். அக்காதான் மறுபடி மாற்ற வேண்டும்.

அத்தான்: நான் அப்போதே சொன்னேன்.

அம்மா: மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டாரா?